முகங்களை அச்சிட எந்த போட்டோ பேப்பர்?

போட்டோ பேப்பர் வேண்டும் என்று கடையில் கேட்டால், அவர்கள் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை ஜிஎஸ்எம்?" என்பதுதான். 130, 180, 230, 270 என்று அடுக்கி வைத்திருப்பார்கள், எண் ஏற ஏற விலையும் ஏறும், நாமும் கனமாக இருந்தால் நல்ல பேப்பர் என்று முடிவு கட்டி பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கி வந்துவிடுவோம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்கிற கணக்கு, அவ்வளவுதான். மேலே என்ன பூசியிருக்கிறார்கள், கறுப்பு எவ்வளவு ஆழமாக விழும், அதன் வெள்ளை எந்த மாதிரி வெள்ளை, சுவரில் மாட்டினால் எத்தனை வருஷம் தாங்கும் என்று எதையும் அந்த எண் சொல்லாது. முகப் படம் அச்சிடுகிறவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இவைதான்.

வேலை இதுதான். பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. கோயிலில் எல்லாம் முடிந்து மண்டபத்துக்கு வந்த பிறகு, வராந்தா ஓரமாக நிழல் விழுகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வந்திருந்த சொந்தங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து முகப் படம் எடுத்தேன். வீட்டுக்கு ஒன்றாக ஏ4 அளவில் அச்சிட்டு ஃப்ரேம் போட்டுத் தருவதாகப் பேச்சு. லேபில் கொடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். நாலுக்கு ஆறு அளவில் நூறு படம் வேண்டுமென்றால் இப்போதும் லேபுக்குத்தான் போவேன். ஆனால் ஆட்டோ கரெக்‌ஷன் என்று ஒன்று போடுகிறார்களே, அதற்குப் பெரியப்பா மாதிரி நல்ல கறுப்பாக இருக்கிறவர்கள் மேல் என்ன கோபமோ, முகத்தை வெளுக்க வைத்து வேட்டியில் இருக்கிற மடிப்பெல்லாம் காணாமல் போகச் செய்துவிடும். பெரியப்பா கறுப்பாகவே இருக்க வேண்டும், அந்தக் கறுப்புக்குள் முகம் தெரியவும் வேண்டும். அதனால் வீட்டில்.

வீட்டில் இருப்பது எப்சன் எல்805. ஏ4 வரை போகும் ஆறு மை டேங்க் பிரிண்டர்: கறுப்பு, சயான் என்கிற நீலம், மஜெந்தா என்கிற ஊதாச் சிவப்பு, மஞ்சள், அப்புறம் லைட் சயான், லைட் மஜெந்தா. எல்லாமே டை மை, அதாவது நிறம் கரைந்திருக்கிற மை. நிறம் நுண்ணிய துகளாக மிதக்கிற பிக்மென்ட் மை கிடையாது. அந்த இரண்டு லைட் மைகள்தான் முகத்துக்கு முக்கியம், கன்னத்தில் வெளிச்சம் படுகிற இடத்தில் அடர்ந்த மஜெந்தா புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் பார்த்துக்கொள்பவை அவை. நாலு கலர் ஆபீஸ் பிரிண்டரில் முகம் அச்சிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெற்றியில் பவுடர் தூவியது மாதிரி ஒரு மணல் இருக்கும்.

பேப்பர் சேகரித்தது பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலும் ரிச்சி தெருவிலும். பெயர் தெரியாத 180 ஜிஎஸ்எம் கிளாஸி, 270 என்று போட்ட ஹை கிளாஸி, இரண்டு பக்கமும் அச்சிடக்கூடிய, பளபளப்பில்லாத மேட், பாதிப் பளபளப்பான 260 ஜிஎஸ்எம் லஸ்டர் (எப்சன் பிரீமியம் லஸ்டர், கேனான் ப்ரோ லஸ்டர் இரண்டும் இந்த எடைதான்). நண்பர் ஒருவர் ஹானமூலே போட்டோ ராக் 308 இல் இரண்டு தாள் தந்தார். அது முழுக்கப் பருத்தியில் செய்த காகிதம், 1584 இல் இருந்து காகிதம் செய்கிற ஜெர்மானிய ஆலை, விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

அச்சிடுவதற்கு முன்னாலேயே ஒரு சோதனை. பேப்பரின் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். சாதாரணக் காகிதம் மாதிரி நார் நாராகக் கிழிந்தால் அது காஸ்ட் கோட்டட்: வெறும் காகிதத்தின் மேல் ஈரமான பூச்சை வைத்து, பளபளப்பான சூடான உருளையில் அழுத்தி எடுத்த கிளாஸி. கிழிகிற ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இழுபட்டு நீண்டால் அது ஆர்சி, அதாவது காகிதத்தின் இரு பக்கமும் பாலிஎத்திலீன் படலம் ஒட்டி, அதற்கு மேல் மை உறிஞ்சும் பூச்சு போட்டது. லேபில் கலர் படம் போடுகிற பேப்பரும் இதே அடித்தளத்தில்தான் வருகிறது. கிழிக்க மனமில்லை என்றால் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாலே போதும், காஸ்ட் கோட்டடின் முதுகு நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும், ஆர்சியின் முதுகு வழவழவென்று ஒரு குளிர்ச்சியோடு இருக்கும். அந்த 270 ஹை கிளாஸியைக் கிழித்துப் பார்த்தேன், நார்தான் வந்தது. 260 லஸ்டரில் பிளாஸ்டிக் இழுபட்டது. எண்ணில் பத்து கிராம் கூட இருந்தும் உள்ளே வேறு சரக்கு.

இது ஏன் முக்கியம் என்றால், மையில் பெரும்பகுதி தண்ணீர். காஸ்ட் கோட்டடில் அந்தத் தண்ணீர் பூச்சைத் தாண்டி அடியில் இருக்கும் காகிதத்துக்குள் இறங்கிவிடும், காகிதம் ஊதி அலை அலையாக நெளியும். வானம், சுவர் என்றால் பரவாயில்லை, தலைமுடி மாதிரி மை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற இடத்தில் தாள் மேலே எழும்பி, மை தெளிக்கிற ஹெட்டில் உரசும், ஓரத்தில் கறுப்புக் கோடு விழும். ஆர்சியில் தண்ணீருக்கு அடியில் போக வழியில்லை, தாள் தட்டையாகவே வெளியே வரும்.

பூச்சிலும் இரண்டு வகை. ஒன்று ஜெலட்டின் மாதிரி மையைக் குடித்து வீங்கி மூடிக்கொள்வது. காய நேரம் பிடிக்கும், தண்ணீர் பட்டால் அழிந்துவிடும், ஆனால் நிறத்தைக் காற்றிலிருந்து பொத்தி வைக்கும். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை, சிலிக்கா அல்லது அலுமினா துகள்களால் ஆன நுண்துளைப் பூச்சு, புது மண்பானை தண்ணீர் இழுப்பது மாதிரி உடனே மையை இழுத்துக்கொள்ளும், தாள் வெளியே வரும்போதே தொடலாம். "இன்ஸ்டன்ட் டிரை", "வாட்டர் ப்ரூஃப்" என்று அட்டையில் போட்டிருப்பது இதைத்தான். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: துளை வழியாக மை உள்ளே போனது போலவே காற்றும் போகும், காற்றில் இருக்கும் ஓசோன் டை மையைத் தின்னும், வழக்கமாக முதலில் அடிவாங்குவது சயான். சயான் போனால் முகம் செங்கல் நிறத்துக்கு வரும். ஸ்டூடியோ ஷோகேஸில் செம்பட்டை அடித்து நிற்கிற பழைய பிரிண்ட்களைப் பார்த்திருப்பீர்கள். வாட்டர் ப்ரூஃப் என்று எழுதியிருப்பதால் காலத்துக்கும் நிற்கும் என்று அர்த்தமில்லை. கண்ணாடிக்குள் போட்டுப் பின்பக்கம் டேப் ஒட்டி மூடிவிட்டால் டை மையின் ஆயுள் நிறையவே கூடும், திறந்து வைத்தால் குறையும்.

சரி, சோதனைத் தாள். ஒரு முழு ஏ4 இல் ஒரே படத்தைப் போட்டுப் பார்ப்பது பேப்பருக்குக் கேடு. ஒரே தாளில் நாலு துண்டு வைத்தேன், முழு முகம் இல்லை, சங்கடமான இடங்களை மட்டும் வெட்டி எடுத்தது: பெரியப்பாவின் காதோரம் முடியும் அதற்குப் பின்னால் இருக்கிற இருட்டும் சேர்கிற இடம், அவர் நெற்றியில் பாதி கலைந்த விபூதிப் பட்டை, பெரியம்மா கூந்தலில் மல்லிகை, அத்தையின் கன்னத்தில் வியர்வைப் பளபளப்பு. எல்லாம் கடைசிப் பிரிண்ட்டில் வரப்போகிற அதே அளவில், குறுக்காமல். ஏ4 க்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2480க்கு 3508 பிக்சல் போதும், 24 மெகாபிக்சல் கேமராவில் அதைவிட நிறையவே இருக்கிறது, ஆக ரெசல்யூஷன் ஒரு பிரச்சினையே இல்லை. தாளில் மேல் பாதியில் மட்டும் அச்சிட்டுவிட்டு அடுத்த முறை தலைகீழாகச் செருகினால் அதே தாளில் இன்னொரு சோதனை.

அந்தக் காதோரத் துண்டு ஒன்றே பாதி முடிவைச் சொல்லிவிட்டது. மேட் பேப்பரில் முடி கரிக்கட்டை நிறத்தில் ஒரே திட்டாக வந்தது, காதுக்குப் பின்னால் இருக்கிற தோலும் முடியும் எங்கே பிரிகின்றன என்றே தெரியவில்லை. குறை பிரிண்டரிடம் இல்லை. மேட் பரப்பில் கறுப்பு மை மேல் விழுகிற வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி ஒரு பங்கு கண்ணுக்கு வந்துவிடும், அதனால் மேட்டில் எட்டக்கூடிய கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6 அளவில் நின்றுவிடும், கிளாஸியிலும் லஸ்டரிலும் 2.2, 2.3 வரை போகும். அடர்த்தி லாக் கணக்கு என்பதால் வித்தியாசம் பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும், 1.6 என்றால் விழுந்த ஒளியில் 2.5 சதவீதம் திரும்பி வருகிறது, 2.3 என்றால் அரை சதவீதம். ஐந்து மடங்கு. சிவந்த முகங்களுக்கு இந்த இழப்பு முடியோடு போய்விடும். கறுத்த முகத்தில் தாடை, கழுத்து, கண் குழி எல்லாமே அந்த அடி அடர்த்தியில்தான் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் மேட் பேப்பர் முடியோடு சேர்த்து முகத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. 'ஃபைன் ஆர்ட் மேட்தான் போர்ட்ரெய்ட்டுக்கு அழகு' என்று சொல்கிறவர்கள் யாருடைய முகத்தை அச்சிட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

போட்டோ ராக்கும் மேட்தான், அதிலும் கறுப்பு இறங்கித்தான் போயிற்று, ஆனால் அந்தத் தாளைக் கையில் பிடித்தால் வருகிற சுகமே தனி. பெரியம்மாவின் நரைத்த முன்முடி அதில் விழுந்த விதம் வேறு எதிலும் வரவில்லை. அது பிக்மென்ட் மைக்கும் மேட் பிளாக் என்று தனிக் கறுப்பு இருக்கிற பிரிண்டருக்கும் ஆன பேப்பர், எல்805 இல் போடுவது பேப்பருக்குச் செய்கிற அநியாயம். இரண்டாவது தாளை அப்படியே உறையில் வைத்துவிட்டேன்.

ஹை கிளாஸியில் கறுப்பு பிரமாதம். விபூதியின் ஒவ்வொரு துகளும் தெரிந்தது, கண்ணில் வராந்தாக் கம்பி பிரதிபலித்தது வரை. ஆனால் படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிற யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதில் தெரிகிற டியூப்லைட்டைப் பார்த்துத் தாளை இப்படியும் அப்படியும் திருப்புகிறார்கள். விரல் ரேகை வேறு. அடர்ந்த நிறம் இருக்கிற படத்தில் ரேகை பளிச்சென்று தெரியும், எங்கள் வீட்டில் யாரும் போட்டோவை ஓரத்தில் பிடிக்கிற ஜாதி இல்லை.

லஸ்டரில் பரப்பு மணல் தட்டிய மாதிரி நுணுக்கமான மேடு பள்ளம், கிளாஸிக்குக் கிட்டத்தட்ட சமமான கறுப்பு, விளக்கின் பிம்பம் உடைந்துபோவதால் கண்ணைக் குத்தாது. விபூதித் துகள் ஒரு சொட்டு மங்கலாக வருகிறது என்பது உண்மை, கை நீளத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது. அத்தையின் கன்னத்துப் பளபளப்பு எண்ணெய் வழிகிற மாதிரி இல்லாமல் வியர்வை மாதிரியே இருந்தது. எனக்கு முடிவு அங்கேயே ஆகிவிட்டது. செமி கிளாஸ், சாட்டின் என்று வருபவையும் ஏறக்குறைய இதே குடும்பம்தான், பரப்பின் மேடு பள்ளம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்து வெள்ளை. பெரும்பாலான போட்டோ பேப்பரில் வெளுப்பைக் கூட்ட ஒளியூட்டி ஒன்று சேர்க்கிறார்கள், துணி வெளுக்கிற சோப்புத் தூளில் இருப்பதுதான் இதிலும்: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். கடையில் ரூபாய் நோட்டுச் சரி பார்க்கிற யூவி லைட்டின் கீழே எல்லாத் தாளையும் வரிசையாக வைத்தால் கதை தெரிந்துவிடும். மலிவு கிளாஸி நீல நிறத்தில் ஜொலித்தது, லஸ்டர் கொஞ்சம் குறைவாக, போட்டோ ராக் லேசாக. ஒளியூட்டி கூட இருந்தால் ஜன்னலோரம் வேட்டியும் மல்லிகையும் பளீரென்று இருக்கும், முகம் மட்டும் ஒரு சாம்பல் பூத்தது போல ஆறிப்போகும். இன்னொரு விஷயம், வீடுகளில் இப்போது எங்கும் எல்இடி பல்பு. வெள்ளை எல்இடி உள்ளே நீல ஒளியில் இருந்து செய்யப்படுவது, அதில் புற ஊதா இல்லையென்றே சொல்லலாம். ஆக ராத்திரி ஹாலில் பார்க்கும்போது அந்த ஜொலிப்பு வேலை செய்யாது, பகலில் ஒரு நிறம், ராத்திரி ஒரு நிறம். வருஷங்கள் போனால் ஒளியூட்டியே செயலிழந்து தாள் மஞ்சள் தட்டும். மாட்டப்போகிற வீட்டு ஹாலில் என்ன விளக்கு என்று கேட்டுவிட்டு, அதே விளக்கின் கீழ் சோதனைத் தாளைப் பார்ப்பதுதான் வழி. நான் பகல் ஜன்னலில், டியூப்லைட்டில், எல்இடியில் என்று மூன்றிலும் பார்த்தேன். மூன்றிலும் முகம் அதிகம் மாறாமல் நின்றது லஸ்டர்தான்.

கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்குகிற டிரைவரில் 'மீடியா டைப்' என்று பேப்பர் வகைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறதே, பலர் அதைத் தொடுவதே இல்லை. பேப்பர் எவ்வளவு மை தாங்கும் என்பதைப் பிரிண்டருக்குச் சொல்கிற ஒரே இடம் அதுதான். எப்சன் பேப்பர் என்றால் பெயரைப் பார்த்துத் தேர்ந்துவிடலாம், வேறு கம்பெனி என்றால் இரண்டு மூன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த 180 கிளாஸியில் 'பிரீமியம் கிளாஸி' வைத்து அடித்தால் முடியில் மை குளம் கட்டி, காய்ந்த பிறகு புள்ளி புள்ளியாகத் திட்டு விழுந்தது. மை குறைவாக விடுகிற 'போட்டோ பேப்பர் கிளாஸி'க்கு மாற்றினால் திட்டு போயிற்று, கூடவே கறுப்பும் இறங்கிற்று. லஸ்டருக்கு 'பிரீமியம் செமிகிளாஸ்' சரியாக இருந்தது. ஹை ஸ்பீடு என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள், ஹெட் ஒரு பக்கம் போகும்போது மட்டும் அடிக்கும், நேரம் கூடும், கன்னத்தில் மெல்லிய கோடுகள் விழாது.

ஐசிசி ப்ரொஃபைல் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. குறிப்பிட்ட பிரிண்டர், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட பேப்பர் மூன்றும் சேர்ந்தால் நிறம் எப்படி விழும் என்பதன் அட்டவணை அது. பேப்பர் கம்பெனி தருகிற ப்ரொஃபைல் ஒரிஜினல் மையை வைத்துச் செய்தது, டேங்கில் கடை மை ஊற்றியிருந்தால் அது வெறும் அலங்காரம். ப்ரொஃபைலை போட்டோஷாப் மாதிரி மென்பொருளில் தேர்ந்தால் டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மென்டை ஆஃப் செய்தே ஆக வேண்டும், இரண்டும் ஓடினால் மஜெந்தா தூக்கி, மாநிறத்து முகமெல்லாம் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். ப்ரொஃபைலே இல்லை என்றால் படத்தை எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான நிற அமைப்பில் வைத்துப் பிரிண்டரையே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், எல்805 அப்படியும் மோசமில்லை.

"ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சு, பிரிண்ட் இருட்டா வருது" என்று சொல்கிறவர்கள் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் பேப்பர் இல்லை, மானிட்டர் வெளிச்சம். முழு பிரகாசத்தில் வைத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கி ரசித்துவிட்டு பேப்பரைத் திட்டுவது. நூறு, நூற்றியிருபது நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) போதும். மீட்டர் இல்லை என்றால் மானிட்டரில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டும் ஒத்துப் போகிற வரை குறைக்கலாம். அப்படிக் குறைத்த பிறகும் பெரியப்பா படத்தில் மட்டும் கர்வில், அதாவது மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளைகோட்டில், நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, தாடை நிழல் இருக்கிற இடத்தில், ஒரு துளி மேலே தூக்கினேன். அந்தக் கோட்டின் அடி முனையான கறுப்புப் புள்ளியைத் தொடவில்லை, அதைத் தூக்கினால் மேட் பேப்பரில் போட்டதும் லஸ்டரில் போட்டதும் ஒன்றுதான்.

அச்சிட்ட உடனே நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். டை மை காயக் காய நிறம் கொஞ்சம் நகரும், மறுநாள் பார்த்துத்தான் அடுத்த தாளைப் போட்டேன். ஆர்சி பேப்பருக்கு இன்னொரு வேலை இருக்கிறது: மையில் இருக்கிற கிளைக்கால் என்கிற மெதுவாகக் காயும் திரவம் அடியில் போக முடியாததால் மெதுவாக மேலே ஆவியாகும், அவசரப்பட்டு ஃப்ரேம் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் புகை படிந்த மாதிரி மங்கும். ஒரு மணி நேரம் காய விட்டு, மேலே சாதாரண ஏ4 தாளை விரித்து ஒரு ராத்திரி வைத்து, அந்தத் தாளை மாற்றி இன்னொரு நாள். உறிஞ்சின தாளைத் தொட்டால் லேசாகச் சுருண்டிருப்பது தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத தாள்களைப் பேக்கோடு ஜிப் கவரில் போட்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்தேன், இல்லையென்றால் சென்னைக் காற்றில் ஓரம் சுருண்டு ரோலர் தாளைக் கோணலாக இழுக்கும்.

ஃப்ரேம் கடை அண்ணன் முதல் படத்தைப் பார்த்ததுமே கேட்டார், "கண்ணாடியோட நேரா வச்சா ஒட்டிக்கும் தம்பி, மவுண்ட் போட்டுரலாமா, இல்ல லேமினேஷன் அடிச்சு கண்ணாடியே இல்லாம குடுக்கட்டுமா?" லேமினேஷன் வேண்டாம் என்றேன். லஸ்டரின் பரப்பைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்துவிட்டு அதன் மேல் பிளாஸ்டிக் ஒட்டினால் எல்லாப் பேப்பரும் ஒரே பேப்பர்தான். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டைச் சட்டமான மவுண்ட் போர்டு இருந்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும், ஈரத்தில் படத்தின் பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாது. மவுண்ட் ஓரம் மறைக்கும் என்று தெரிந்திருந்ததால் எல்லாப் படத்தையும் பார்டர்லெஸ் இல்லாமல் வெள்ளை ஓரம் விட்டுத்தான் அச்சிட்டிருந்தேன். பார்டர்லெஸ்ஸில் பிரிண்டர் படத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கித் தாளுக்கு வெளியேயும் மை அடிக்கும், அது கழிவு மையை உறிஞ்சுகிற வேஸ்ட் இங்க் பேடில் போய்ச் சேரும், விளிம்பில் இருக்கிற காதும் வெட்டுப்படும்.

ஒரே ஒரு படம் மட்டும் பாக்கி நிற்கிறது, பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து உட்கார்ந்தது, கறுப்பு வெள்ளையில். எல்805 இல் சாம்பல் மை கிடையாது, கலர் மைகளைக் கலந்துதான் சாம்பல் செய்கிறது, அதனால் எல்இடியில் பச்சையாகவும் ஜன்னலில் கருஞ்சிவப்பாகவும் தெரிகிறது, எந்தப் பேப்பரைப் போட்டாலும் இதே கதை. அதைப் பிக்மென்ட் பிரிண்டர் வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்து, பரைட்டா பேப்பரில், அதாவது பேரியம் சல்பேட் பூச்சு உள்ள, பழைய டார்க்ரூம் பேப்பரின் வம்சத்தில் வந்த தாளில், 310 ஜிஎஸ்எம்மில் போடச் சொல்லியிருக்கிறேன். 16 பிட் டிஃப் கோப்பாக, ப்ரொஃபைலை உள்ளேயே பதித்து அனுப்பியாயிற்று. ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன்.